பழைய பிக்கப்புக்கு டைமிங் பெல்ட்டை வீட்டிலேயே மாற்றலாமா?

கூடலூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார் (நீலகிரி கூடலூர் இல்லை, லோயர் கேம்ப் பக்கத்துக் கூடலூர்). செகண்ட் ஹேண்டில் 2011 மாடல் டாடா சூப்பர் ஏஸ் பிக்கப் வாங்கியிருக்கிறாராம். கம்பத்தில் காய்கறி ஏற்றி குமுளி, கட்டப்பனை போய் வருகிறார். மீட்டர் ஓடவில்லை, எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று விற்றவருக்கே தெரியாது. "ஆயில் சர்வீஸ், பேன் பெல்ட், பிரேக் லைனர் எல்லாம் நானே பார்த்துக்குவேன் அண்ணே. டைமிங் பெல்ட்டையும் நானே மாத்தலாமா? மலைப்பாதை மெட்டு ஏறும்போது அறுந்தா என்ன ஆகும்?"

மாற்றலாம் தம்பி. பேன் பெல்ட் மாற்றத் தெரிந்த கைக்கு இதில் கழற்றிப் பூட்டுகிற வேலை ஒன்றும் புதிதில்லை. வித்தியாசம் ஒன்றுதான். பேன் பெல்ட்டைத் தப்பாகப் போட்டால் சத்தம் வரும், திரும்பக் கழற்றிப் போடலாம். இதைத் தப்பாகப் போட்டுச் சாவியைத் திருப்பினால், ஹெட்டை (வால்வுகள் உட்கார்ந்திருக்கிற இன்ஜினின் மேல் பகுதி) தூக்கிக்கொண்டு தேனிக்கு லேத் பட்டறைக்குப் போக வேண்டியதுதான். அதனால் ஸ்பேனர் பிடிக்கிற நேரத்தைவிட மார்க் (புல்லிகளில் கம்பெனி போட்ட அடையாளம்) பார்க்கிற நேரம் அதிகமாக இருக்கட்டும்.

முதலில் உங்கள் வண்டியில் பெல்ட் இருக்கிறதா என்பதைச் சொல்லிவிடுகிறேன், இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் ஆகும். எல்லாப் பழைய டீசலிலும் டைமிங் பெல்ட் கிடையாது. நம் பக்கம் ஓடுகிற பல பிக்கப்புகளில் உள்ளே கியரோ செயினோ இருக்கும், அதற்கு இந்தக் கவலையே இல்லை. சூப்பர் ஏஸில் இருப்பது 1998-இல் வந்த இண்டிகா காரின் 1405 சிசி டீசல் வழியில் வந்த டர்போ இன்ஜின். அதில் பெல்ட்தான். 2005-இல் வந்த சின்ன ஏஸ், அதாவது 702 சிசி இரண்டு சிலிண்டர் குட்டி யானைக்கும் பெல்ட் உண்டு. சந்தேகம் இருந்தால் இன்ஜினின் முன்பக்கம் பாருங்கள். பிளாஸ்டிக் மூடி போட்டு கிளிப்பும் சின்ன போல்ட்டும் வைத்து மூடியிருந்தால் பெரும்பாலும் உள்ளே பெல்ட்தான். வார்ப்பு அலுமினிய மூடி, சுற்றிலும் கேஸ்கெட், ஓரத்தில் ஆயில் கசிவு என்று இருந்தால் கியரோ செயினோ.

எப்போது மாற்றுவது? ஒவ்வொரு இன்ஜினுக்கும் கம்பெனி ஒரு கணக்குக் கொடுத்திருக்கும். பொதுவாக 60,000 கிலோமீட்டரிலிருந்து 1 லட்சம் வரைக்குள் வரும், கூடவே வருடக் கணக்கும் இருக்கும். வண்டி ஓடாமல் நின்றாலும் ரப்பர் வயதாகும் என்பதால்தான் அந்த வருடக் கணக்கு. உங்கள் விஷயத்தில் இரண்டும் தெரியாது. தெரியாத பெல்ட்டை முடிந்த பெல்ட் என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும். "மேல் மூடியைத் திறந்து பார்த்தேன், பெல்ட் புதுசு மாதிரி இருக்கு" என்று பலர் சொல்வார்கள். பெல்ட்டின் பலம் நாம் பார்க்கிற ரப்பரில் இல்லை, உள்ளே ஓடுகிற கண்ணாடி இழைக் கயிற்றில் இருக்கிறது. அது எப்போது கைவிடும் என்று வெளியிலிருந்து தெரியாது. விரிசல், பல் அடியில் வெடிப்பு, ஓரம் நைந்து நூல் தெரிவது, முதுகு கண்ணாடி போல் பளபளப்பது, இதில் ஒன்று கண்ணில் பட்டாலும் அன்றைக்கே வண்டியை நிறுத்திவிடுங்கள். எதுவும் தெரியவில்லை என்பதற்காக நல்ல பெல்ட் என்று முடிவு கட்டாதீர்கள்.

அறுந்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு வருகிறேன். கிராங்க் (பிஸ்டன்கள் சுற்றுகிற கீழ்த் தண்டு) இரண்டு சுற்று சுற்றினால் கேம் (வால்வுகளைத் திறக்கிற மேல் தண்டு) ஒரு சுற்று சுற்ற வேண்டும். அந்தக் கணக்கைக் காப்பதுதான் பெல்ட்டின் வேலை. டீசல் இன்ஜினில் கம்ப்ரஷன் அதிகம் என்பதால் பிஸ்டன் மேலே வரும்போது வால்வுக்கும் அதற்கும் நடுவில் இடமே இருக்காது. பெல்ட் அறுந்த நொடியில் கேம் நின்றுவிடும், சில வால்வுகள் திறந்தபடியே நிற்கும், பிஸ்டன் போய் அவற்றை அடிக்கும். வால்வ் வளையும், ராக்கர் உடையும், சில நேரம் பிஸ்டனிலேயே குழி விழும். மெட்டில் இறங்கும்போது அறுந்தால் இன்னும் மோசம். கியரில் இருந்தால் சக்கரம் கிராங்கைச் சுற்றிக்கொண்டே இருக்கும், அடி தொடர்ந்து விழும். பிரேக் பூஸ்டருக்கு வேக்குவமும் புதிதாக வராது, மிச்சம் இருப்பது ஓரிரு மிதிக்குத்தான் காணும். அதனால் திடீரென்று இன்ஜின் செத்தால் கிளட்சை மிதித்து, பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்தி, மலைச் சுவர்ப் பக்கமாக ஓரம் கட்டி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள்.

அடுத்து செய்யக் கூடாத ஒன்று உண்டு, நம் ஆட்கள் முதலில் செய்வதும் அதுதான். நான்கு பேரைக் கூப்பிட்டுத் தள்ளி ஸ்டார்ட் பண்ணுவது. சாவியைத் திருப்பினால் வழக்கமான கனத்த சுழற்சி இல்லாமல் ஸ்டார்ட்டர் 'சர்ர்ர்' என்று லேசாக, வேகமாகச் சுற்றுகிறதா? கம்ப்ரஷன் இல்லை, பெல்ட் போயிருக்கலாம் என்று அர்த்தம். அதோடு கையை எடுத்துவிடுங்கள். மேல் மூடியின் கிளிப்பைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். தள்ளினால் நாலு வால்வோடு போக வேண்டியது எட்டு வால்வாகும்.

ஏற்கனவே அறுந்துபோன வண்டியை வீட்டில் பார்க்காதீர்கள். புதுப் பெல்ட்டை மட்டும் மாட்டி ஓட்டிப் பார்க்கலாம் என்ற ஆசை எல்லாருக்கும் வரும். வளைந்த வால்வோடு அது ஓடாது. நான் இனிமேல் சொல்வதெல்லாம் அறுவதற்கு முன்னால் மாற்றுகிறவர்களுக்கு.

சாமான் வாங்கும்போது பெல்ட்டை மட்டும் வாங்காதீர்கள். டென்ஷனர் (பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கிற உருளை), ஐட்லர் பேரிங் (பெல்ட்டுக்கு வழிகாட்டுகிற உருளை), கிராங்க் முன் ஆயில் சீல், கேம் ஆயில் சீல் நான்கையும் சேர்த்து வாங்குங்கள். வாட்டர் பம்ப்பும் இதே பெல்ட்டில் சுற்றுகிற இன்ஜின் என்றால் அதையும். புதுப் பெல்ட்டைப் பழைய டென்ஷனர் கொன்ற கதைகள்தான் ஒர்க்‌ஷாப்பில் அதிகம். பேரிங் இறுகினால் பெல்ட் சூடேறி உருகிப் போகும். சீல் கசிந்தால் ஆயில் பட்டு ரப்பர் ஊறி பல் பிய்யும். இந்த நாலு சாமானின் விலையையும் ஒரு ஹெட் வேலையின் விலையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பேரம் பேசத் தோன்றாது. டூப்ளிகேட் டப்பா இந்தப் பள்ளத்தாக்கிலும் உலாவுகிறது, கட்டப்பனையிலும் உலாவுகிறது. பில் கொடுக்கிற கடையில், இன்ஜின் நம்பரைக் காட்டி, பார்ட் நம்பர் பார்த்து வாங்குங்கள். வாங்கிய பெல்ட்டைப் பழையதோடு வைத்துப் பல்லை எண்ணி, அகலத்தையும் பல்லின் வடிவத்தையும் ஒப்பிடுங்கள். வட்டப் பல்லும் சதுரப் பல்லும் ஒன்றுக்கொன்று சேராது. கடையில் மடித்துச் சுருட்டி ஆணியில் தொங்கவிட்ட பெல்ட்டை வாங்காதீர்கள், மடிந்த இடத்தில் உள்கயிறு அப்போதே முறிந்திருக்கும்.

கருவிகளில் வழக்கமான சாக்கெட் செட் போக இரண்டு கட்டாயம். ஒன்று டார்க் ரென்ச், போல்ட்டை அளவு பார்த்து முறுக்குகிற கருவி. சொந்தமாக இல்லையென்றால் ஒரு நாளைக்கு இரவல் வாங்குங்கள். இன்னொன்று உங்கள் இன்ஜினுக்கான சர்வீஸ் மேனுவல் பக்கம். மார்க் எங்கே இருக்கிறது, எந்த போல்ட்டுக்கு எவ்வளவு முறுக்கு என்பது இன்ஜினுக்கு இன்ஜின் மாறும். நான் ஒரு நம்பர் சொல்லி நீங்கள் இன்னொரு இன்ஜினில் முறுக்கினால் போல்ட் அறுந்துபோகும். மூன்றாவதாக ஒரு ஒயிட்னர் பேனா, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருப்பது. பெயின்ட்டைவிட அது நல்லது, உடனே காயும்.

இடம் சமதளமாக இருக்க வேண்டும். மலையடிவார வீட்டு வாசல் பெரும்பாலும் சரிவுதான், அங்கே இந்த வேலை வேண்டாம். பின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல். முன்பக்கம் தூக்கினால் இரும்பு ஸ்டாண்டில் நிற்கட்டும். ஹாலோ பிளாக் மேல் நிறுத்துகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். அது சுவர் கட்டுகிற கல், ஒரு முனையில் பாரம் விழுந்தால் சொல்லாமல் நொறுங்கும். கம்பம் பள்ளத்தாக்கில் ஆடிக் காற்று அடிக்கிற நாளில் திறந்த வெளியில் மூடியைக் கழற்றாதீர்கள், பல்லுக்குள் மணல் போகும்.

இன்ஜின் ஆறிய பிறகு ஆரம்பியுங்கள். பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். யாராவது பிள்ளைகள் சாவியைத் திருப்பிவிடக் கூடாது என்பதற்காகத்தான். சீட்டைத் தூக்கி, கைக்கு வழி கிடைக்க எதெது தடையோ அதையெல்லாம் எடுத்து, பேன் பெல்ட்டையும் கழற்றி வையுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் போனில் படம் எடுத்துக்கொண்டால் பூட்டும்போது ஊரைக் கூட்ட வேண்டியதில்லை. ஹீட்டர் பிளக்குகளையும் (ஸ்டார்ட் ஆக சிலிண்டரைச் சூடாக்குகிறவை) கழற்றிவிடுங்கள். கம்ப்ரஷன் போய்விடுவதால் இன்ஜினைக் கையால் சுற்ற பூப்போல இருக்கும், எங்கேயாவது முட்டினால் உடனே கைக்குத் தெரியும். இந்த ஒரு வேலையைச் சோம்பல்பட்டு விடுகிறவர்கள்தான் பிறகு "கம்ப்ரஷன்தான் முட்டுதுன்னு நினைச்சேன்" என்கிறார்கள்.

கிராங்க் புல்லி போல்ட் வீட்டு வேலையில் பெரிய தடை. வருடக்கணக்கில் இறுகியிருக்கும். சக்கரம் நாலும் தரையில் இருக்க, டாப் கியர் போட்டு, ஒருவர் பிரேக்கை அழுத்திப் பிடிக்க, நீளமான பைப் சொருகிய ராடால் இழுங்கள். அசையவில்லையென்றால் கழற்றியதையெல்லாம் திரும்பப் பூட்டி, பெரிய டயர் கடைக்கு வண்டியை ஓட்டிப் போய் காற்றுத் துப்பாக்கியால் ஒரு தட்டு தட்டச் சொல்லி, அவர்களையே லேசாகத் திரும்ப முறுக்கச் சொல்லி வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். கிராங்க் அடி வாங்காமல் மெதுவாக ஓட்டி வர வேண்டும், பக்கத்துக் கடையாக இருந்தால்தான் இது சரிப்படும். ராடை சேசிஸில் முட்டுக் கொடுத்து ஸ்டார்ட்டரை ஒரு தட்டு தட்டி லூஸ் பண்ணுகிற வித்தையை யாராவது சொல்லித் தந்தால் கேட்டுக்கொண்டு சும்மா இருங்கள். ராடு நழுவினால் கை போகும், ரேடியேட்டரும் போகும். டைமிங் பெல்ட்டையோ கேம் புல்லியையோ பிடித்து நிறுத்திக்கொண்டு இந்த போல்ட்டைக் கழற்றவும் கூடாது, முறுக்கவும் கூடாது.

இனி மார்க். வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது, மெதுவாகப் படியுங்கள்.

கிராங்க்கை அது வழக்கமாகச் சுற்றுகிற திசையில் மட்டும் சுற்றி முதல் சிலிண்டரை டாப்புக்கு, அதாவது பிஸ்டன் உச்சியில் நிற்கிற நிலைக்குக் கொண்டுவர வேண்டும். கிராங்க் இரண்டு சுற்றுக்குக் கேம் ஒரு சுற்று என்றேன் அல்லவா? அதனால் கிராங்க் மார்க் டாப்பில் கூடுவது இரண்டு முறை. ஒரு முறை கேம் மார்க் அதன் இடத்தில் இருக்கும், மறுமுறை நேர் எதிர்ப்பக்கம் நிற்கும். கிராங்க் மார்க் கூடியதும் 'ஆச்சு' என்று நிறுத்தாமல் கேம் மார்க்கையும் பாருங்கள். கூடவில்லையென்றால் இன்னும் ஒரு முழுச் சுற்று. மூன்றாவதாக டீசல் பம்ப். இண்டிகா வழி டீசலில் பம்ப் புல்லியும் இதே பெல்ட்டில் சுற்றுகிறது, அதற்கும் தனி மார்க் உண்டு. மூன்றும் ஒரே நேரத்தில் கூடி நிற்க வேண்டும். மார்க் கூடுகிறதா என்று சாய்ந்து பார்த்து ஏமாறாதீர்கள். கண் நேராக இருக்கிற மாதிரி குனிந்து, டார்ச் அடித்து, வயர் பிரஷ்ஷால் அழுக்கைத் தேய்த்துப் பாருங்கள். பழைய இன்ஜினில் சிலசமயம் உண்மையான மார்க்கோடு யாரோ உளியால் வெட்டிய மார்க்கும் இருக்கும். மேனுவலில் உள்ளதை மட்டும் நம்புங்கள்.

மூன்றும் கூடியதும் மூன்று புல்லிக்கும் அதன் நேர் எதிரே பாடியிலும் ஒயிட்னரால் கோடு போடுங்கள். பெல்ட்டிலும் போடலாம். ஆனால் அந்த வெள்ளைக் கோட்டையே வேதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முன்னால் மாற்றியவர் ஒரு பல் தள்ளி மாட்டியிருந்தால் உங்கள் வெள்ளைக் கோடு அவர் தப்பை அப்படியே நகலெடுக்கும். கம்பெனி மார்க்கோடு சேராத வண்டியைப் பார்த்தால், 'இதுவரைக்கும் ஓடுச்சே' என்று விடாமல் அனுபவசாலி ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

ஒரு பல் என்றால் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். கிராங்க் புல்லியில் 20 பல் என்று வைத்துக்கொண்டால் ஒரு பல்லுக்கு 18 டிகிரி. டீசல் பம்ப்புக்கு ஒன்றிரண்டு டிகிரி மாறினாலே இன்ஜினின் சத்தம் மாறும். 18 டிகிரி தள்ளினால் ஸ்டார்ட்டே ஆகாது, இல்லை வெள்ளைப் புகை, இல்லை சுத்தியலால் அடிக்கிற மாதிரி நாக்கிங்.

பெல்ட்டைக் கழற்றும் முன் கேம் புல்லிக்கும் பம்ப் புல்லிக்கும் மேனுவலில் சொன்ன பின்னையோ போல்ட்டையோ ஓட்டையில் சொருகிப் பூட்டுங்கள். டென்ஷனரை லூஸ் பண்ணியதும் உள்ளே இருக்கிற ஸ்பிரிங் அழுத்தத்தால் பம்ப் புல்லி தானாகத் துள்ளிவிடும், கேமும் அசையும். பூட்டு இல்லாமல் கழற்றியவர்கள் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டு முகம் வெளுத்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். பெல்ட் இல்லாத நிலையில் கேமையோ கிராங்க்கையோ தனியாகச் சுற்றாதீர்கள். சுற்றியே ஆக வேண்டும் என்றால் முதலில் கிராங்க்கைக் கால் சுற்று பின்னால் திருப்புங்கள். நாலு பிஸ்டனும் பாதி வழியில் நிற்கும், வால்வ் முட்டாது. கேமைச் சரி செய்த பிறகு கிராங்க்கை அதே வழியில் டாப்புக்குக் கொண்டுவரலாம்.

சீல்களை இப்போது மாற்றுங்கள். பழைய சீலை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பும்போது ஷாஃப்டில் கீறல் விழக் கூடாது, விழுந்தால் புதுச் சீலும் கசியும். உள்ளே சிந்திய ஆயிலை உலர்ந்த துணியால் துடைத்து எடுங்கள். புதுப் பெல்ட்டில் பெட்ரோல், டீசல், கிரீஸ் எதுவும் படக் கூடாது.

புதுப் பெல்ட்டை கிராங்கில் ஆரம்பித்து, இழுவை விழுகிற பக்கமாகவே பம்ப், கேம் என்று தொய்வில்லாமல் கொண்டு போய் கடைசியில் டென்ஷனரில் முடியுங்கள். தொய்வு எல்லாம் டென்ஷனர் பக்கம் வர வேண்டும். ஸ்க்ரூ டிரைவர் போட்டு நெம்பி ஏற்றாதீர்கள். அரைப்பல் வித்தியாசம் வந்தால் புல்லியை ஒரு முடியளவு அசைத்து, பல்லில் உட்கார வையுங்கள். பெல்ட்டில் அம்புக்குறி இருந்தால் அது சுற்றும் திசை. டென்ஷனை மேனுவல் சொன்ன முறையில் வையுங்கள். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் கொண்டு நீளமான பகுதியைப் பிடித்துத் திருகினால் ஏறக்குறைய 90 டிகிரி திரும்ப வேண்டும் என்று மெக்கானிக்குகள் ஒரு கைக்கணக்கு வைத்திருக்கிறார்கள். சரிபார்க்க அது போதும், அதை மட்டும் வைத்து முடிக்காதீர்கள். அதிகம் இறுகினால் ஊளைச் சத்தம் வரும், பேரிங் போகும். லூஸாக இருந்தால் பல் தாண்டும்.

இப்போது பின்களை எல்லாம் எடுத்துவிட்டு, கிராங்க்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று, சுற்றும் திசையில். எங்கேயாவது உலோகம் உலோகத்தில் முட்டுகிற மாதிரி இறுகினால் பலம் காட்டாமல் நிறுத்துங்கள். தப்பு நடந்திருக்கிறது, இந்த நேரத்தில் கண்டுபிடித்தால் செலவு ஒன்றுமில்லை. இரண்டு சுற்று முடிந்ததும் மூன்று புல்லி மார்க்கும் திரும்பக் கூட வேண்டும். புதுப் பெல்ட்டில் வெள்ளைக் கோடு போட்டிருந்தால் அது மட்டும் இடத்துக்கு வந்து சேராது, எங்கேயோ போயிருக்கும். பயப்பட வேண்டாம், கிராங்க் இரண்டு சுற்று சுற்றினாலும் பெல்ட் ஒரு முழு வட்டம் வந்திருக்காது, அதனால் அது இடம் மாறியே நிற்கும். இந்த விஷயம் தெரியாமல் நன்றாக மாட்டிய பெல்ட்டைத் திரும்பக் கழற்றியவர்கள் பலர். பிறகு டென்ஷனை ஒரு முறை சரிபாருங்கள், இரண்டு சுற்றில் கொஞ்சம் இளகியிருக்கும்.

மூடியைப் போடும் முன் உள்ளே சாக்கெட், துணி, போல்ட் ஏதும் விழுந்து கிடக்கவில்லையே என்று பாருங்கள். கிராங்க் போல்ட்டை டார்க் ரென்ச்சில் மேனுவல் அளவுக்கு முறுக்குங்கள். இந்த போல்ட் லூஸானால் சாவிக்கட்டை (புல்லியைத் தண்டில் நழுவாமல் பிடிக்கிற சின்ன இரும்புத் துண்டு) தேய்ந்து, டைமிங் தானாகத் தள்ளிக்கொள்ளும். புது போல்ட் போடச் சொல்லியிருந்தால் புதுசே போடுங்கள். டீசல் லைனைத் தொடவில்லை என்பதால் காற்று எடுக்கிற வேலை இல்லை. கூலன்ட் இறக்கியிருந்தால் நிரப்பி, ஹீட்டர் பிளக்கைப் பூட்டி, பேட்டரியைக் கொடுத்து ஸ்டார்ட் பண்ணுங்கள். ஆக்சிலேட்டரை மிதிக்காமல் ஐட்லிங்கிலேயே விட்டுக் காது கொடுத்துக் கேளுங்கள். பெல்ட் பக்கம் கீச்சோ உரசலோ வந்தால் உடனே ஆஃப்.

முதல் நாள் கூடலூர், கம்பம் என்று சமதளத்தில் ஓட்டுங்கள். மறுநாள் காலையில் ஆறிய இன்ஜினில் மூடிக்குக் கீழே ஆயில் துளி இருக்கிறதா பார்த்துவிட்டு, அரைப் பாரத்தில் குமுளி மெட்டு ஏறுங்கள். மீட்டரையும் அதற்குள் சரி பண்ணிவிடுங்கள், இல்லையென்றால் அடுத்த பெல்ட்டுக்கும் இதே கேள்விதான் கேட்பீர்கள். மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் டைமிங் மூடி மேலேயே பெயின்ட்டில் எழுதுங்கள்.

பழைய பெல்ட்டை ஸ்டெப்னி மாதிரி சீட்டுக்கு அடியில் சுருட்டி வைக்கிற பழக்கம் இந்தப் பக்கம் உண்டு. வேண்டாம். சுருட்டிய அன்றைக்கே அதன் கதை முடிந்தது, வழியில் அறுந்தால் மாட்டுவதற்கும் பயன்படாது. தார்ப்பாய் கட்ட வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள்.